மகள் காய்ச்சிய பீர்

எனக்கு ஐம்பத்தொரு வயது. நன்னிலம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. போன காலாண்டு விடுமுறையில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, காரைக்காலில், வாழ்க்கையில் முதல்முறையாக பீர் குடித்தேன். அதைக் காய்ச்சியவள் என் மகள். அதற்கு மூன்று வாரம் முன்பு அந்த பீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு அவள் செத்துப் பிழைத்திருந்தாள். வேலையை விடச் சொல்லி அவளை வீட்டுக்கு அழைத்து வரத்தான் அன்று போனேன்.

அவள் பீர் காய்ச்சுகிறாள் என்பதே எனக்கு அந்த மூன்று வாரமாகத்தான் தெரியும். தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்தாள். படித்து முடித்ததும், "காரைக்கால்ல ஒரு ஜூஸ் கம்பெனிம்மா, குவாலிட்டி பாக்குற வேலை" என்றாள். நம்பினேன். பக்கத்து வீட்டில் சொன்னேன், பள்ளியில் சொன்னேன். குவைத்தில் ஆயில் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அப்பாவிடம் சொன்னேன். அவரும் தன்னோடு தங்கியிருப்பவர்களிடம் சொல்லியிருப்பார்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு நார்த்தை மரம் இருக்கிறது. காய்க்கிற மாதங்களில் மகள் போன் செய்து, "உப்புப் போடாம, தோல மட்டும் காயவச்சு அனுப்பும்மா" என்பாள். ஜூஸுக்கு வாசனைக்கு என்று நினைத்துக்கொண்டேன். தோலை அரிந்து, மாடியில் பழைய வேட்டியை விரித்துக் காயவைத்து, காக்கை கொத்தாமல் பார்த்து, டப்பாவில் அடைத்து பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன். கூடவே கொத்தமல்லி விதையும் கேட்பாள். அனுப்புவேன். "எங்க வீட்டு நார்த்தங்கா பாட்டில்ல அடைச்சு விக்கிது" என்று ஆசிரியைகள் அறையில் பெருமையாகச் சொன்னேன். தமிழாசிரியை, "எந்தக் கடையில கெடைக்கும் டீச்சர்? எங்க வீட்லயும் வாங்குவோம்ல" என்று கேட்டார். மகளிடம் கேட்டேன். லேசாக இருமினாள். பிறகு, "அதெல்லாம் எக்ஸ்போர்ட்டும்மா" என்றாள். அதையும் போய் தமிழாசிரியையிடம் சொன்னேன்.

எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வகுப்பில் நான் போனை எடுப்பதில்லை. மூன்றாவது முறை அடித்ததும் எடுத்தேன். ஆஸ்பத்திரி என்றார்கள். எந்தப் பஸ்ஸில் ஏறினேன், எங்கே இறங்கினேன் என்பதெல்லாம் இப்போதும் நினைவில் இல்லை. போய்ச் சேர்ந்தபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் வந்து, "பீர் காய்ச்சுற இடத்துல வேலை பாக்குறவங்க நீங்கதானே?" என்று அவளிடம் கேட்டார். கட்டில் மாறி வந்துவிட்டார் என்று நினைத்து, "இல்லைங்க டாக்டர், இவ ஜூஸ் கம்பெனி" என்றேன். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். பீரை வடித்து எடுத்த பிறகு தொட்டி காலியாகக் கிடந்தது. அடியில் ஒரு துணி முடிச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. மணத்துக்காக பீரில் ஊறப்போட்ட முடிச்சு அது. உள்ளே இருந்தது கொத்தமல்லியும் நார்த்தங்காய்த் தோலும். நான் அனுப்பிய தோல். அதை எடுக்க தொட்டியின் வட்டக் கதவு வழியாக இடுப்பு வரை உள்ளே நுழைந்து குனிந்திருக்கிறாள். பீர் புளிக்கும்போது கரியமில வாயு வரும். அது காற்றைவிடக் கனம். காலித் தொட்டியில் தண்ணீர்போல நிறைந்து நிற்கும். இரண்டு மூச்சு இழுத்ததும் நினைவு போய்விட்டது.

கரியமில வாயு காற்றைவிடக் கனம் என்பதை வருடா வருடம் நான் பாடம் நடத்துகிறேன். கண்ணாடிப் பாத்திரத்துக்குள் மெழுகுவத்தி ஏற்றி, சோடா உப்பில் வினிகரை ஊற்றி, அந்த வாயுவை மேலிருந்து சாய்த்தால் சுடர் அணைந்துவிடும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். என் மகளும் என் வகுப்பில் உட்கார்ந்து கைதட்டியவள்தான்.

"தெரிஞ்சுமாடீ தலைய விட்ட?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"பத்தாயத்துல இறங்குறாப்ல நெனச்சுட்டேன்ம்மா," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு இட்லி கேட்டாள்.

பத்தாயம் என்பது நெல் கொட்டிவைக்கும் ஆளுயர மரப்பெட்டி. மேலே திறப்பு இருக்கும், அடியில் நெல் வழிய ஒரு சிறிய வாய் இருக்கும். நெல் குறைந்து அடிக்குப் போய்விட்டால் தானாக வழியாது. உள்ளே ஆள் இறங்கித் தள்ளிவிட வேண்டும். பெரியவர்கள் நுழைய முடியாது என்பதால் பிள்ளைகளைத்தான் இறக்குவோம். என் மகளை ஐந்து வயதிலிருந்து நான்தான் இடுப்பைப் பிடித்து இறக்குவேன். வெளியிலிருந்து பலகையைத் தட்டிக்கொண்டே இருப்பேன். தட்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து அவள் குரல் கொடுக்க வேண்டும். குரல் வருகிறவரை பயமில்லை. அடியில் எதுவும் மிச்சமிருந்தால் குனிந்து எடுத்துவிட வேண்டும் என்று அவள் உடம்பு பழகியது என் கையால். நான் நடத்திய பாடம் தலையில் இருந்தது. தொட்டியில் குனிந்தது உடம்பு.

ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். பிறகு நான் பள்ளிக்குப் போயிருந்த ஒரு நாள், "வேலைக்குக் கெளம்பிட்டேன்ம்மா, சாவி பக்கத்து வீட்ல" என்று செய்தி அனுப்பிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போது, ஒரு பிள்ளை "உள்ளேன்" சொல்லத் தாமதித்தால்கூட நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவேன். என் கணவர் போனில் கேட்டபோது, "சாப்புடாம வேலை பாத்திருக்கா, மயங்கிட்டா" என்றேன். "மயங்கி விழுற அளவுக்கு என்ன ஜூஸ் கம்பெனி அது? வேண்டாம், அழைச்சுட்டு வந்துடு" என்றார். காலாண்டு விடுமுறை விட்டதும் அழைத்து வந்துவிடுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

பேரளம் வழியாகப் போனேன். குறுவை அறுத்து, நெல்லைப் பாதி ரோட்டில் காயப்போட்டிருந்தார்கள். பஸ் ஒரு பக்கமாகவே ஊர்ந்தது. மடியில் பெரிய காலிப் பை ஒன்று இருந்தது. அவள் துணிமணிகளை எடுத்துவர. என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். முதலில் அதட்டுவது, கேட்காவிட்டால் அப்பாவின் பெயரைச் சொல்வது, அதற்கும் அசையாவிட்டால் அழுதுவிடுவது. அழுகையைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்து ஆண்கள் காரைக்காலுக்கு எதற்குப் போவார்கள் என்று ஊருக்கே தெரியும். புதுச்சேரி அரசின் எல்லைக்குள் இருப்பதால் அங்கே மதுக்கடைகள் அதிகம். என் மகள் வேலை பார்க்கும் இடம் கடற்கரைக்குப் போகும் சாலையில் இருந்தது. அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே விற்பார்கள். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நகைக்கடைக்குள் திருடப் போகிறவள்போல உள்ளே நுழைந்தேன்.

கடை இன்னும் திறக்கவில்லை. மேசைகள்மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், அதற்குப் பின்னால் பளபளவென்று நான்கு தொட்டிகள். சாராய நெடி அடிக்கும் என்று முந்தானையை மூக்கருகில் வைத்திருந்தேன். அங்கே அடித்தது சத்துமாவு வாசனை. முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து வறுத்தால் வருமே, அது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் சமையலறை இப்படித்தான் மணக்கும். எனக்குக் குழப்பமாக இருந்தது. முந்தானையை இறக்கிவிட்டேன்.

மகள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் பெரிய ஏப்ரனுமாக வந்தாள்.

"ம்மா! போன் பண்ணிட்டு வரக்கூடாதா?"

"பண்ணியிருந்தா நீ இருந்திருப்பியா?"

"எங்க போவப் போறேன், கடலுக்கா?" என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "என்ன, காலிப் பையோட வந்திருக்க?"

"உன் துணிமணி எடுத்துக்கத்தான்."

 ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு, "உக்காரு, தண்ணி கொண்டாரேன்" என்று போனாள்.

அதற்குள் சமையலறையிலிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். நாகூர்க்காரர், அங்கே சமையல் மாஸ்டர். மகளை வெளியே இழுத்துப்போட்டவர் அவர்தான். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க முடியவில்லை. எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன். 

"கும்புடாதீங்கம்மா, நீங்க வேற. நானா தேடிப் போனேன்? வெங்காயம் எடுக்கப் போனேன்."

"வெங்காயமா?"

"ஆமாம்மா. வெங்காய மூட்ட அந்தத் தொட்டி ரூமுக்குப் பின்னாலதான் கெடக்கும். அன்னைக்கி ஒரு டேபிள்ல ரெண்டாவது தட்டு பக்கோடா கேட்டாங்க. அரிஞ்ச வெங்காயம் பத்தல. நான் குடிக்கிறவன் இல்லம்மா, அந்த ரூம் பக்கமே போவ மாட்டேன். அன்னைக்கின்னு பையன் லீவு, நானே போனேன். பாத்தா ரெண்டு பூட்ஸு வெளிய தெரியுது. ஆட்டமில்ல. மூச்சப் புடிச்சுக்கிட்டு கால இழுத்துட்டேன்."

தண்ணீரோடு வந்த மகள், "போதும் பாய், எங்கம்மா இன்னைக்கித் தூங்க மாட்டாங்க" என்றாள்.

"நீ பேசாத. அடுப்புல எண்ணெ காஞ்சு புகைஞ்சு ஒரு சட்டி எண்ணெ போச்சு. பக்கோடா கேட்டவரு கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. எல்லாம் உன்னாலதான்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கோடா கேட்டவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாது, முகம் தெரியாது, அவருக்குப் பசி அடங்கவில்லை. அதனால் என் மகள் எதிரே நின்று தண்ணீர் கொடுக்கிறாள். கடவுள் என்று சொல்லிக்கொண்டால் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்குப் பக்கோடாதான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

"எந்தத் தொட்டி? காட்டு," என்றேன்.

"எதுக்கும்மா?"

"காட்டுடீ."

தொட்டி அறையில் பெரிய காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. தரை ஈரம். சுவரில் சிவப்பு எழுத்தில், தொட்டிக்குள் யாரும் நுழையக் கூடாது என்று எழுதியிருந்தது. மகளின் ஏப்ரனில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி குத்தியிருந்தது. வாயு அதிகமானால் கத்துமாம். "இது இப்பதான் வாங்குனாங்க, அதுக்கப்பறம்" என்றாள்.

"உள்ள போறப்ப வெளிய ஒரு ஆளு நின்னு தட்டிக்கிட்டே இருக்கணும். நீ குரல் குடுத்துக்கிட்டே இருக்கணும்," என்றேன். மூன்று வாரமாக யோசித்து வைத்திருந்தது அது.

"பத்தாயம் மாதிரியா? இதுல குரல் குடுக்க நேரம் இருக்காதும்மா. ரெண்டு மூச்சுதான். பதில் சொல்லணும்னு நெனக்கறதுக்குள்ள ஆளு காலி. இனிமே யாரும் உள்ளயே போறதில்ல. வெளியேருந்து தண்ணியப் பீய்ச்சித்தான் கழுவுறது."

மூன்றாவது தொட்டியைக் காட்டினாள். முந்தின நாள்தான் காலி செய்திருந்தார்கள், இன்னும் கழுவவில்லை. வட்டக் கதவு திறந்திருந்தது. குறுக்கே ஒரு சங்கிலி. அவள் எதையோ மூடுவதற்காக மறுபக்கம் திரும்பினாள். நான் கிட்டே போனேன்.

எதற்குப் போனேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். என் பிள்ளை விழுந்து கிடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அடி தெரியவில்லை, இருட்டாக இருந்தது. சங்கிலிக்கு மேலாகக் குனிந்தேன். இன்னும் கொஞ்சம் குனிந்தால் தெரியும் போலிருந்தது. சோடா குடித்தால் மூக்கில் ஏறுமே, அந்தச் சுரீர் என்ற நெடி ஏறியது.

முதுகுப்பக்கம் ரவிக்கையைக் கொத்தாகப் பிடித்து யாரோ இழுத்தார்கள். தோள்பட்டையில் தையல் பிரியும் சத்தம் கேட்டது. ஈரத் தரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். கருவி கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அதற்குமேல் என் மகள் கத்தினாள்.

"அறிவிருக்காடீ ஒனக்கு!"

என்னைத்தான். இருபத்தைந்து வருடத்தில் என்னை அவள் 'டீ' போட்டுக் கூப்பிட்டதில்லை. சொன்னபிறகு அவளுக்கே தெரிந்துவிட்டது. பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள். "சொல்லிக்கிட்டே இருக்கேன்... சொல்லிக்கிட்டே இருக்கேன், சயின்ஸ் டீச்சரு..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் கை இன்னும் என் ரவிக்கையை விடவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.  வாசலில் சமையல் மாஸ்டர் கரண்டியோடு வந்து நின்று, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

தெரிந்தும் எப்படித் தலையை விட்டாய் என்று அவளை மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பிறகு கேட்கவில்லை.

மேசைக்கு வந்து உட்கார்ந்தோம். பிரிந்த தையல் தெரியாமல் முந்தானையைப் போர்த்திக்கொண்டேன். புடவை பின்பக்கம் நனைந்து சில்லென்றிருந்தது.

"டீ போடச் சொல்லட்டா?"

"வேண்டாம். நீ செய்யறதக் கொண்டா."

"எத?"

"என் தோலப் போட்டு என்னமோ செய்யறியே, அத."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "வெளையாடாதம்மா."

"நான் எங்கடீ வெளையாடுறேன்? இதுக்குத்தானே உசுர விடப் போன. என்னன்னு நானும் பாக்கறேன்."

எழுந்து போனாள். நிறைய நேரம் ஆனதுபோல இருந்தது. காப்பி டம்ளரைவிடக் கொஞ்சம் உயரமான கண்ணாடி கிளாஸில் கொண்டுவந்து வைத்தாள். கோதுமையில் காய்ச்சியது என்றாள். தெளிவாக இல்லை, மஞ்சள் கலந்த கழுநீர்போலக் கலங்கலாக இருந்தது. மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை. நுரை அடங்கட்டும் என்று காத்திருந்தேன். "அது இருக்கறப்பவே குடிக்கணும்" என்றாள்.

எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கிற நாளில் சமைத்ததை ருசி பார்க்கக் கூடாது. உப்பு சரியா, புளி சரியா என்று முகர்ந்தே கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் முதலில் முகர்ந்தேன். கனிந்த வாழைப்பழம். லேசாகக் கிராம்பு. இரண்டும் போடவில்லை, புளிக்கவைக்கும் ஈஸ்ட்டே அந்த வாசனையைத் தரும் என்று பிற்பாடு சொன்னாள். அதற்குப் பின்னால் கொத்தமல்லி. அதற்கும் பின்னால், மாடியில் வெயிலில் தோல் காயும்போது படியேறினால் வருமே, அந்த வாசனை. எங்கள் கொல்லை மரம்.

ஒரு வாய் குடித்தேன். முதலில் புளிப்பு, நீராகாரத்தின் புளிப்பில் கால்வாசி. நாக்கில் சின்னச் சின்னதாகக் குத்தியது. கோதுமைப் பாலைப்போல வழவழவென்று இறங்கியது. பிடித்திருந்ததா என்றால், தெரியவில்லை. துப்ப வேண்டும்போல இல்லை என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னொரு வாய் குடித்தேன்.

"கொத்தமல்லிய வறுக்கலயா?"

"இல்ல. ஒண்ணு ரெண்டா ஒடைச்சு, பச்சையாத்தான்."

"அதான் பச்ச வாசன தூக்கலா வருது."

"அதுக்குத்தாம்மா வறுக்கல."

"கசக்குது."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எப்ப கசக்குது? வாயில வச்ச ஒடனேயா, முழுங்குன அப்பறமா?"

மறுபடி குடித்துப் பார்த்தேன். "முழுங்கின அப்பறம். அடித்தொண்டையில."

"நாக்குல இல்லல்ல?"

"இல்ல. நார்த்தங்காயோட வெள்ளத் தோலக் கடிச்சா வர்ற கசப்பு."

ஏப்ரன் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதினாள். "நானும் அதான் நெனச்சேன். நீ ஊறுகாய்க்கு அரியறாப்ல தடிமனா அரியற. வெள்ள ஒட்டாம மேல்தோல மட்டும் சீவணும்மா."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"ஜூஸுக்கு எதுக்குடீ அவ்வளவு மெலிசான்னு கேப்ப."

கேட்டிருப்பேன்தான். குனிந்து எழுதிக்கொண்டிருந்த அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் தப்பு என்று பிடிபட்ட சந்தோஷம் முகத்தில் இருந்தது. வகுப்பில் சில பிள்ளைகளுக்கு அந்த முகம் வரும். வருடத்துக்கு ஒன்று, இரண்டு பேருக்கு. அதைப் பார்க்கத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

ஆனாலும் கேட்டேன். கேட்காமல் எப்படித் திரும்புவது?

"வந்துடுடீ. உங்கப்பாகிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"வந்து?"

"வேற வேலையா இல்ல, நீ படிச்ச படிப்புக்கு?"

"இருக்கு. ஓசூர்ல பிஸ்கட் கம்பெனி. பெங்களூர்ல இதே வேலைக்குக் கூப்புட்டாங்க, இதவிடச் சம்பளம். படிச்சு முடிச்சப்பவே கூப்புட்டாங்க."

"அப்ப ஏன் போகல?"

நோட்டை மூடினாள். "அப்பா அங்க. நானும் பெங்களூர் போயிட்டா நீ என்ன பண்ணுவ? காரைக்கால்னா ஒனக்கு ஒன்றரை மணி நேரம். அன்னைக்கி ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரத்துல வந்த?"

 கடைசிக்கு வைத்திருந்த அழுகை வருவதற்குச் சரியான இடம் அது. வரவில்லை.

"பயமா இருக்குடீ," என்றேன்.

"எனக்குந்தாம்மா," என்றாள். "ஆனா வரமாட்டேன்."

கிளாஸில் மிச்சம் இருந்ததை முடித்தேன். காது மடல் சூடாக இருந்தது. பன்னிரண்டரைக்கு முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள், மூன்று பேர். அவள் எழுந்து போக வேண்டியிருந்தது. மாஸ்டர் ஒரு பொட்டலம் பக்கோடாவைக் கொண்டுவந்து என் பையில் போட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு மகள் உள்ளே ஓடினாள். திரும்பிப் பார்த்துக் கையசைப்பாள் என்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் தொட்டி ஒன்றின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் திருநள்ளாறில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் திரும்பி, பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஆளை முறைத்துவிட்டு, "பட்டப்பகல்ல குடிச்சுட்டு ஏறுறான் பாருங்க. வீட்ல பொம்பளைங்க கேக்கறதில்ல போலருக்கு" என்றார்.

"ஆமாங்க," என்றேன். அந்த ஆளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பேரளம் வரை வாயைத் திறக்காமல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். இதைச் சொல்லிச் சிரிக்க ஒருவரும் இல்லை என்று வீட்டுக் கதவைத் திறந்தபோது தோன்றியது.

சாயங்காலம் ஆறரைக்கு என் கணவர் கூப்பிட்டார். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கூப்பிடுவார்.

"வந்துட்டாளா? போன அவகிட்ட குடு."

"வரலீங்க."

"ஏன், லீவு குடுக்கலயா?"

"வரமாட்டேன்னுட்டா."

"அழைச்சுட்டு வர்றேன்னுதான போன? நீ சரியாப் பேசியிருக்க மாட்ட."

அந்த இடத்தில் எனக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லாமல் போய்விட்டது. "அது ஜூஸ் கம்பெனி இல்லீங்க," என்றேன். "பீர் காய்ச்சுற எடம். நம்ம பொண்ணுதான் காய்ச்சுறா. அன்னைக்கி மயங்கி விழல. தொட்டிக்குள்ள தலைய விட்டுட்டா. கேஸ் இருந்திருக்கு."

அந்தப் பக்கம் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஹிந்தியில் பேசினார்கள். அவர் அறையிலிருந்து வெளியே போகிறார் என்று தெரிந்தது, கதவுச் சத்தம் கேட்டது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில. மூணு வாரமா."

"மூணு வாரமா," என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பீர் என்பதைச் சொல்லித் திட்டுவார் என்று நினைத்தேன். "மீட்டர் விட்டுப் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"என்னங்க?"

"உள்ள ஆளு போறதுக்கு முன்னாடி கேஸ் இருக்கான்னு மீட்டர் விட்டுப் பாக்கணும். வெளிய ஒரு ஆளு நிக்கணும். அவன் அந்த எடத்த விட்டு நவுரக் கூடாது, ஒண்ணுக்குக்கூடப் போகக் கூடாது. உள்ளப் போறவன் பேரு, நேரம், எல்லாம் எழுதணும். எழுதுனாங்களா?"

"அப்ப இல்ல. இப்ப மீட்டர் இருக்கு. இனிமே யாரும் உள்ளப் போறதில்லயாம்."

"உள்ளப் போகாதவனும் வாசல்ல குனிஞ்சாப் போதும்," என்றார். "அதத்தான் நான் நாளு முழுக்க இங்க நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் குவைத்துக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. ஆயில் கம்பெனியில் சேஃப்டி வேலை என்று எல்லோருக்கும் சொல்வேன். சேஃப்டி என்றால் எண்ணெய்த் தொட்டியின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களை எண்ணி, வெளியே வருகிறவர்களை எண்ணுகிற வேலை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சாப்பிட்டீங்களா, வெயில் எப்படி, பணம் வந்துவிட்டது, இவ்வளவுதான் நாங்கள் பேசியது. அந்த மூன்று வாரமும், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நான் பழைய பாடப்புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"நானும் குனிஞ்சுட்டேங்க, இன்னைக்கி," என்றேன். "அவதான் இழுத்துப் போட்டா."

 மூச்சு மட்டும் கேட்டது.  பிறகு, "அவ எத்தன மணிக்கி ஃப்ரீயா இருப்பா?" என்றார்.

"இப்பப் பேசலாம். ஏழு மணிக்கப்புறந்தான் கூட்டமாம்."

"சரி. நான் அவகிட்டப் பேசிக்கறேன்," என்று வைத்துவிட்டார்.

விளக்கேற்றினேன். பக்கோடாவை எடுத்துத் தட்டில் வைத்தேன், நமுத்துப் போயிருந்தது. கால் மணி நேரம் பொறுத்து மகளைக் கூப்பிட்டேன். வேறொரு அழைப்பில் இருக்கிறாள் என்றது. அவரைக் கூப்பிட்டேன். அவரும் அப்படித்தான். அவர்கள் இருவரும் என்னை நடுவில் வைக்காமல் பேசிக்கொண்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. ஏழு மணிக்கு மறுபடி அடித்தேன். ஏழே காலுக்கும். இரண்டு பேர் போனும் அதையேதான் சொன்னது.